லேப்டாப்புக்கு மூச்சு முட்டாத சத்தத்தடுப்புப் பெட்டி

கேள்வி: பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். பிள்ளைகளுக்காகத் தமிழ்க் கதைகளை வாசித்துப் பதிவு செய்கிறேன். லேப்டாப் விசிறியின் இரைச்சல் மைக்கில் விழுகிறது. உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டிய மரப்பெட்டிக்குள் லேப்டாப்பை மூடி வைக்கலாமா? சூடாகிக் கெட்டுவிடுமா?

பதில்: வைக்கலாம். ஆனால் எல்லாப் பக்கமும் அடைத்த பெட்டி என்றால் சூடேறித் திணறும். லேப்டாப் இழுக்கிற கரண்ட் கிட்டத்தட்ட அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியேறுகிறது. 45 வாட் இழுத்தால் 45 வாட் சூடு. அதை வெளியேற்றக் காற்று வேண்டும். காற்று போகிற வழியிலேயே சத்தமும் வந்துவிடும், அதுதான் சிக்கல்.

ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். விசிறியில் அடைந்திருக்கும் தூசியைச் சுத்தம் செய்யுங்கள். விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் அதிகபட்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாகக் குறையுங்கள். பெரும்பாலான லேப்டாப்பில் டர்போ வேகம், அதாவது பிராசசர் தானாக எடுக்கும் கூடுதல் வேகம், நின்று சூடு நன்றாகக் குறையும். குரல் பதிவுக்கு அந்த வேகம் தேவையே இல்லை. ஒரு பக்கச் சத்தத்தை மட்டும் வாங்கும் கார்டியாய்டு மைக் என்றால் அதன் முதுகை லேப்டாப் பக்கம் திருப்பி வையுங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

சரி, அப்படியும் சத்தம் கேட்கிறதா? அப்போது பெட்டிதான். 18 எம்.எம். பிளைவுட் எடுங்கள். சத்தத்தைத் தடுப்பது கனம்தான். தெர்மகோலும் முட்டை அட்டையும் கனமில்லாதவை, தடுக்காது. மூடி பொருந்தும் விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்டுங்கள், சின்ன இடுக்கு இருந்தாலும் சத்தம் கசியும். உள்ளே ஒட்ட ஸ்பாஞ்ச் வேண்டாம், தீப்பிடித்தால் மளமளவென்று எரியும். தீப்பிடிக்காத கல் பஞ்சான ராக் வூலைக் காடாத் துணியில் சுற்றி ஒட்டுங்கள். சார்ஜர் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது உள் தடுப்பில்தான். பல லேப்டாப்புகள் அடியில் காற்றை இழுத்துப் பின்புறமோ பக்கவாட்டிலோ விடும். தடுப்பு இல்லையென்றால் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. சூடு வரும் வாயை ஒட்டி ஒரு பலகையை நிறுத்தி, பெட்டியைக் குளிர்ந்த பக்கம், சூடான பக்கம் என்று பிரியுங்கள். லேப்டாப்பை இரண்டு ரீப்பர் மேல் 3 செ.மீ. தூக்கி வையுங்கள். கீபோர்டு வழியாகவும் காற்று இழுக்கும் மாடல் என்றால் திரையைப் பாதி திறந்தே வையுங்கள். தட்டச்சுக்கு வெளியே தனி கீபோர்டும் மவுஸும் போதும்.

குளிர்ந்த பக்கம் ஒரு நுழைவாய், சூடான பக்கம் ஒரு வெளிவாய். இரண்டையும் நேர் ஓட்டையாகப் போடாதீர்கள். ராக் வூல் ஒட்டிய குழலாக இரண்டு தடவை மடக்கி வெளியே விடுங்கள். காற்று வளைந்து போய்விடும். சத்தம் ஒவ்வொரு மடக்கிலும் மோதித் தேயும். வெளிக்குழலின் உள்முனையில் 120 எம்.எம். விசிறி ஒன்று காற்றை வெளியே இழுக்கட்டும். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே காற்று போதும், சத்தமும் குறைவு. பழைய சைக்கிள் டியூபை வெட்டி இடையில் வைத்துத் திருகினால் அதிர்வு பலகைக்கு ஏறாது.

எவ்வளவு காற்று வேண்டும்? 45 வாட் சூட்டை, பெட்டிக் காற்று அறையை விட 5 டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியேற்ற விநாடிக்கு ஏறத்தாழ 7.5 லிட்டர். உங்கள் பக்கம் மார்ச், ஏப்ரலில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். எந்தப் பெட்டியும் அறையை விடக் குளிராது. 10 டிகிரி ஏற விட்டால் பேட்டரிக்கு ஆகாத 45 டிகிரியைக் கடந்துவிடுவீர்கள். அதனால்தான் 5 என்கிறேன். குழலின் உள்ளளவு, ராக் வூல் ஒட்டிய பிறகும், 12-க்கு 12 செ.மீ. இருக்கட்டும்.

இன்னொன்று: அந்த விசிறிக்குச் சுவர் பிளக்கிலிருந்து கரண்ட் கொடுக்காதீர்கள். கரண்ட் போனால் விசிறி நிற்கும், லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். 5 வோல்ட் விசிறி வாங்கி லேப்டாப்பின் யுஎஸ்பியிலேயே மாட்டுங்கள்.

செய்து முடித்ததும் பிராசசரின் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் மாதிரி ஒரு செயலியைப் போட்டு, ஒரே வேலையைப் பெட்டியைத் திறந்து வைத்து அரை மணி நேரம், மூடி வைத்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் 10 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதியாகப் பதிவு செய்யலாம். தாண்டினால் முதலில் உள் தடுப்பில் இடுக்கு இருக்கிறதா பாருங்கள், அப்புறம் குழலை அகலப்படுத்துங்கள். லேப்டாப்பை அணைத்தால் பெட்டி விசிறியும் நின்றுவிடும், அதனால் அணைத்த கையோடு மூடியைத் திறந்து விடுங்கள்.