ஃபெராரி 308: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பழைய இத்தாலியக் கார்களைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. வேலை செய்வது இங்கிலாந்தில். 308 குடும்பத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், விலை ஏறுமா இறங்குமா என்று மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி அதுதான். அவற்றுக்குக் கடைசியில் ஒரே பதில் இருக்கிறது.

கேள்வி: இன்றைக்கு ஒரு நல்ல ஹாட்ச்பேக் கூட இந்தக் காரைச் சிக்னலில் முந்திவிடும். அப்புறம் ஏன் இன்னும் இதைப் பிடித்துத் தொங்குகிறார்கள்? பந்தாதானே சார்?

பந்தா காட்ட நினைப்பவர் புதுக் காரை வாங்குவார். அது ஸ்டார்ட் ஆகும், ஏசி வேலை செய்யும்.

மூடிய கூரை கொண்ட 308 ஜிடிபி 1975-இல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்தது. வரைந்தது பினின்ஃபரினா என்ற இத்தாலிய வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்த லியோனார்டோ ஃபியோரவந்தி. உயரம் 1.12 மீட்டர், அகலம் 1.72 மீட்டர். இந்த அகலத்தை நினைவில் வையுங்கள். 2015-இல் வந்த ஃபெராரி 488-இன் அகலம் 1.95 மீட்டர். இங்கே கிராமத்துச் சாலைகள் இருபுறமும் வேலியோடு ஒடுங்கிக் கிடக்கும். எதிரே டிராக்டர் வந்தால் 488-காரர் பின்னால் போக இடம் தேடுவார், 308-காரர் ஒதுங்கி வழி விடுவார். உட்கார்ந்த இடத்திலிருந்து முன்பக்க மட்கார்டு இரண்டின் மேடும் கண்ணுக்குத் தெரியும். கார் எங்கே முடிகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

அடுத்தது இஞ்சின். 2926 சிசி, வி8, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் குறுக்கே படுத்திருக்கிறது. ஆரம்பகாலக் கார்களில் இரட்டைத் தொண்டை வெபர் கார்புரேட்டர் நான்கு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முதலில் காதுக்கு வருவது அவை காற்றை உறிஞ்சும் சத்தம். சைலன்சர் சத்தம் அதற்குப் பிறகுதான். 7000 சுற்றுவரை இழுத்துக் கியர் மாற்றலாம், அப்படியும் போலீஸ் பிடிக்கும் வேகத்துக்கு உடனே போய்விட மாட்டீர்கள். இன்றைய 600 குதிரைசக்திக் காரில் இரண்டாவது கியரை முழுதாக இழுத்தாலே லைசென்ஸ் போய்விடும். வாங்கிய காரின் கால்வாசியைக்கூட அவர்களால் சாலையில் பயன்படுத்த முடியாது. 308-இல் முழுக்காரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பயன்படுத்தலாம். என்னைக் கேட்டால் மோகத்துக்குக் காரணம் இதுதான்.

ஹவாயில் நடக்கும் 'மேக்னம் பி.ஐ.' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், 1980-களில் கூரையைக் கழற்றக்கூடிய சிவப்பு ஜிடிஎஸ்ஸை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். ஆனால் அந்தத் தொடரைப் பார்க்காத இளைஞர்களும் இந்தக் காரைத் தேடி வருகிறார்கள். பந்தயத்திலும் இது சும்மா இல்லை. மிக்கேலோட்டோ பட்டறை தயார் செய்த 308-ஐ ஓட்டி ஜான் கிளாட் ஆந்த்ருவே 1982 கோர்சிகா ராலியில் இரண்டாவதாக வந்தார். ராலிக்காகவே பிறந்த கார்கள் ஓடும் இடத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

கேள்வி: கார்புரேட்டர் கார் வாங்குவதா, இஞ்செக்‌ஷன் வாங்குவதா?

ஐரோப்பியக் கார்களுக்கு ஃபெராரி அறிவித்த கணக்கு: கார்புரேட்டர் 255 குதிரைசக்தி. 1980-இல் புகைக் கட்டுப்பாட்டுக்காக, கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் பாஷ் இஞ்செக்‌ஷன் வைத்தபோது 214. 1982-இல் சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்த குவாட்ரோவால்வோலே வந்தபோது 240. 1985-இல் 308-க்கு அடுத்து வந்த 328-இல் 3185 சிசி, 270.

சத்தமும் துடிப்பும் வேண்டுமென்றால் கார்புரேட்டர். ஆனால் நான்கையும் ஒத்திசைத்து வைக்கத் தெரிந்த ஆள் உங்கள் ஊரில் இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆள் இல்லாத ஊரில் கார்புரேட்டர் கார் வாங்கினால் அது நின்றுதான் கிடக்கும். முதல் தடவை வாங்குகிறவருக்கு நான் சொல்வது குவாட்ரோவால்வோலே அல்லது 328. 214 குதிரைக் காரை மந்தம் என்று எல்லோரும் திட்டுவதால் அது மலிவாகக் கிடைக்கும். நல்ல நிலையில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் பெட்ரோல் ரப்பர் ஹோஸ்களை முதலில் மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். சூடான இஞ்சினுக்கு மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஹோஸ் விலை அற்பம். சீட்டுக்குப் பக்கத்தில் தீயணைப்பான் ஒன்றும் இருக்கட்டும்.

கேள்வி: டைமிங் பெல்ட்டை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

கிலோமீட்டரை மறந்துவிடுங்கள், வருடத்தைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை நல்லது, ஐந்தைத் தாண்டவே கூடாது. வால்வுகளை இயக்கும் பெல்ட் இரண்டு, அவற்றோடு அவற்றை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்குகளும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், இஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். டெஸ்டரோஸா, 348 என்ற பிற்கால ஃபெராரிகளில் இந்த வேலைக்கு இஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். 308-இல் அந்தத் தொல்லை இல்லை. பின்சக்கரத்தைக் கழற்றி உள் மறைப்பைத் திறந்து, கொஞ்சம் கை முட்டியைக் கிழித்துக்கொண்டு, வண்டியிலேயே முடித்துவிடலாம்.

விற்கிறவர் "போன வருஷம்தான் மாத்தினேன்" என்பார். பில் எங்கே என்று கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலையில் எடுத்தவுடன் இரண்டாவது கியர் விழவே மாட்டேன் என்கிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

போகவில்லை. கியர் ஆயில் சூடாகும்வரை எல்லா 308-உம் இப்படித்தான். முதல் சில மைலுக்கு ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குப் போங்கள். அமுக்கித் திணிக்காதீர்கள், கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ வளையம் தேய்வது அப்படித்தான். சூடான பிறகும் விழவில்லை என்றால் வண்டியைக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: கோவைக்கு ஒரு 308-ஐ இறக்குமதி செய்ய முடியுமா? வரி எவ்வளவு வரும்?

என் துறை இல்லை. பணம் கட்டுவதற்கு முன் சுங்க ஏஜென்ட் ஒருவரைப் பாருங்கள்.

கேள்வி: ஃபைபர் உடல் 308 என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. 1977 வரை வந்த முதல் ஜிடிபிக்களுக்கு ஃபைபர் கிளாஸ் உடல். மொத்தம் 712 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உடல் துருப்பிடிக்காது, ஆனால் உள்ளே இருக்கும் இரும்புக் குழாய்ச் சட்டம் பிடிக்கும். "ஃபைபர் கார், துருவே இல்லை" என்கிற விளம்பரத்தைப் பார்த்தால் வண்டியைத் தூக்கி அடியில் பாருங்கள். இரும்பு உடல் கார்களில் கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, முன்கண்ணாடியின் ஓரம், கூரையிலிருந்து பின்னால் இறங்கும் தூணின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். புது பெயிண்ட் பளபளத்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரு 308 ஜிடி4 அமையும்போலத் தெரிகிறது. நண்பர்கள் "அது ஃபெராரியே இல்லை, பேருக்கு ஃபெராரி" என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்குங்கள். நண்பர்களை மாற்றுவது பற்றியும் யோசியுங்கள்.

இந்த வி8 இஞ்சினை நடுவில் வைத்து ஃபெராரி விற்ற முதல் கார் நான்கு சீட்டு ஜிடி4. 1973-இல் வந்தது, ஜிடிபிக்கு இரண்டு வருடம் முன்னால். எல்லோரும் கொண்டாடும் ஜிடிபி, இதன் இஞ்சினையும் கியர்பாக்ஸையும் வாங்கிக்கொண்டு பிறந்த தம்பி. ஜிடி4-ஐ வரைந்தது பெர்டோனே என்ற வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்த மார்செல்லோ காந்தினி. லம்போர்கினியின் மியூராவும் கவுன்டாச்சும், லான்சியாவின் ஸ்ட்ராடோஸும் அவர் கையிலிருந்து வந்தவை. ஓட்டுவதற்கு ஜிடி4-தான் எனக்குப் பிடிக்கும். முன்பின் சக்கர இடைவெளி 2.55 மீட்டர், ஜிடிபியில் 2.34. அந்த 21 சென்டிமீட்டர் வேகமான வளைவில் தைரியம் கொடுக்கும். சுற்றிலும் கண்ணாடி, பின்னால் வருவது தெரியும். பின் சீட்டு இருக்கிறது என்று பெயர்தான், குழந்தைகூட அதிக நேரம் உட்காராது.

கேள்வி: ஜிடி4 பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை. அது வரும்போது ஃபெராரி சின்னமே இல்லை. டினோ என்று எழுதியிருந்தது. தொழிற்சாலையே ஏற்காததை நாம் ஏன் ஏற்க வேண்டும்?

டினோ என்பது என்சோ ஃபெராரியின் இறந்துபோன மகனின் பெயர். வேண்டாத காருக்கு யாராவது அந்தப் பெயரை வைப்பார்களா? சிறிய இஞ்சின் கார்களைத் தனி வரிசையாக விற்க நினைத்தார்கள், அவ்வளவுதான். விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை, 1976-இல் ஃபெராரியின் குதிரைச் சின்னம் வந்தது.

உங்கள் வாதத்தின்படி பார்த்தால் ஜிடி4-க்கு முன் வந்த 246 டினோவிலும் ஃபெராரி சின்னம் கிடையாது. அதை ஃபெராரி இல்லை என்று சொல்லிப் பாருங்கள். இன்றைக்கு அதன் விலை 308-ஐவிடப் பல மடங்கு. ஒரே பெயர்ப்பலகை ஒரு காரில் பெருமை, இன்னொன்றில் குறையா?

கேள்வி: 246-ஐ வரைந்தது பினின்ஃபரினா. ஃபெராரி என்றால் பினின்ஃபரினாதான். பெர்டோனே பெட்டி மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். இதுதான் வித்தியாசம்.

இன்னொருவரும் சேர்ந்துவிட்டார். நல்லது, இது எனக்குப் பிடித்த சண்டை.

1949-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஃபெராரி முதன்முதலாக வென்ற கார் 166 எம்எம். அதன் உடலைக் கட்டியது மிலானின் டூரிங் நிறுவனம். 50-களின் தொடக்கத்தில் விஞ்ஞாலே, கியா என்று பலரும் ஃபெராரிக்கு உடல் கட்டினார்கள். பினின்ஃபரினா வந்தது 1952-இல்தான். அந்தக் கார்களையெல்லாம் என்ன செய்யலாம்? சின்னத்தைக் கழற்றிவிடலாமா?

பெட்டி மாதிரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். 70-களின் தொடக்கத்தில் காந்தினி வரைந்தது எல்லாம் ஆப்பு வடிவம்தான். கவுன்டாச்சில் ரசிக்கிறவர்கள் இங்கே மட்டும் முகம் சுளிப்பதற்குக் காரணம், பின் சீட்டுக்காகக் கூரையை நீட்ட வேண்டியிருந்தது. அதனால் ஜிடி4 போஸ்டருக்குப் போகவில்லை. போஸ்டரைப் பார்த்துக் கார் வாங்குபவர்கள் ஜிடிபியே வாங்கட்டும், ஓட்டுகிறவர்களுக்கு ஜிடி4 கொஞ்சம் மலிவாகவே கிடைக்கட்டும்.

கேள்வி: ஜிடி4 கேட்டவன்தான் மறுபடி. நீங்கள் எல்லோரும் சண்டை போட்டதில் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். வண்டி 9,000 மைல்தான் ஓடியிருக்கிறது. பெல்ட் அப்படியே விடலாமா?

மூன்றாவது பதிலைப் படியுங்கள். பில்லைக் கேளுங்கள். குறைந்த மைல் ஓடிய கார் என்பது நின்று கிடந்த கார். பெல்ட் ஒரே இடத்தில் மடிந்து கிடக்கும், சீல்கள் காயும், பிரேக் காலிப்பர் இறுகும், டாங்கியில் பெட்ரோல் பசையாகும். மாதத்துக்கு இரண்டு முறை நன்றாகச் சூடாகும்வரை ஓடிய 60,000 மைல் காரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: டிராஃபிக்கில் சூடேறுகிறது. பெரிய ரேடியேட்டர் போடலாமா?

ரேடியேட்டர் முன்னால், இஞ்சின் நடுவில், இடையில் நீளமான குழாய்கள். கூலன்ட் மாற்றியபோது காற்று உள்ளே சிக்கியிருக்கும், முதலில் அதை முறையாக வெளியேற்றுங்கள். பிறகு விசிறிகள் இரண்டும் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். ஃப்யூஸ் பெட்டியின் பின்முனைகள் பழுப்பாகக் கருகியிருந்தால் விசிறிக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகாது. இந்தக் காரின் மின்கோளாறுகளில் பெரும்பாலானவற்றை இந்தப் பெட்டியிலிருந்துதான் தேட ஆரம்பிப்பேன். ஹோஸ்களையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் லண்டனில இருக்கிறன். நாற்பது வருஷம் தாண்டின காருக்கு எம்ஓடி தேவையில்லை எண்டு சொல்லீனம். உண்மையோ?

உண்மைதான் தம்பி. கடந்த 30 வருடத்தில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமலிருந்தால் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனச் சோதனை கட்டாயம் இல்லை. சாலை வரியும் கிடையாது, அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். இருந்தாலும் வருடம் ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோங்கள். அடியில் துருவையும் பிரேக் குழாயையும் வேறொருவர் கண்ணும் பார்க்கட்டும்.

கேள்வி: என் கார் முதலில் நீல நிறமாம். யாரோ சிவப்பு அடித்திருக்கிறார்கள். திரும்ப நீலமாக்கலாமா?

ஆக்குங்கள். 80-களில் கண்டதையெல்லாம் சிவப்பாக்கினார்கள். அடர்நீலத்தில் இந்த வடிவத்தைப் பார்த்தவர்கள் சிவப்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்குப் பழைய பெயிண்டை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். மேலேயே அடித்தால் கதவு இடுக்கில் சிவப்பு எட்டிப் பார்க்கும்.

கேள்வி: 308-ஐ வெட்டி 288 ஜிடிஓ மாதிரிச் செய்ய எவ்வளவு ஆகும்?

தெரிந்துகொள்ள விருப்பமில்லை. அந்த ஃபெராரியில் இஞ்சின் நீளவாக்கில், இதில் குறுக்கே. வெளித்தோற்றத்தைத் தவிர எதுவும் அது மாதிரி ஆகாது.

கேள்வி: பெல்ட் மாற்ற...

மூன்றாவது பதில்.

கேள்வி: இப்போது வாங்கிப் போட்டால் பத்து வருடத்தில் விலை இரட்டிப்பாகுமா? (இதே கேள்வி வேறு வேறு வார்த்தையில் பலரிடமிருந்து)

தெரியாது. வாங்கிப் போட்டால் மேலே சொன்ன சீல், காலிப்பர், டாங்கி எல்லாம் வரிசையாகப் போகும், விற்கும்போது வாங்குகிறவர் என்னைப்போல ஒருவரை அழைத்து வருவார். அவர் முதலில் கேட்பது பெல்ட் பில்.