பேஸ்போலை முதல் ஆட்டத்திலிருந்து பாருங்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். போன வருடம் இலையுதிர் காலத்தில் ரொறொன்ரோ வந்து சேர்ந்தீர்கள். வந்த கொஞ்ச நாளிலேயே பஸ்ஸிலும் கடையிலும் நீல ஜேர்சிதான். நவம்பர் தொடக்கத்தில் இந்த ஊர் பேஸ்போல் அணியான புளூ ஜேஸ் தோற்ற பிறகு, வேலையிடத்தில் ஆட்கள் செத்தவீட்டுக்குப் போய் வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். இப்போது மார்ச் கடைசி. அதே ஆட்கள் திரும்பவும் உற்சாகமாகிவிட்டார்கள். ஒருவர் முதல் ஆட்டத்துக்கு லீவே எடுத்துவிட்டார். கிரிக்கெட் மட்டும் தெரிந்த நான் இதைப் பார்க்கத்தான் வேண்டுமா, பார்ப்பதென்றால் எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

கட்டாயம் ஒன்றும் இல்லை. பேஸ்போல் தெரியாமலே முப்பது வருடம் இங்கே நன்றாக வாழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பார்ப்பதென்றால் இந்த வாரமே தொடங்குங்கள். அக்டோபர் வரட்டும், முக்கியமான ஆட்டங்களை மட்டும் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அக்டோபரில் வந்து சேருகிறவர்களுக்கு ஆட்டம் தெரியும், ஆனால் ஆட்கள் தெரியாது. நவம்பரில் வேலையிடத்தில் நீங்கள் பார்த்த அந்த மௌனத்துக்குக் காரணம் ஆட்களைத் தெரிந்திருந்ததுதான்.

அன்று நடந்தது இது. வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், 2025 நவம்பர் 1, இங்கேதான், ரோஜர்ஸ் சென்ரரில். எதிரணி லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ். மூன்றாவது இன்னிங்ஸில் ஜேஸின் போ பிஷெட், டொட்ஜர்ஸின் ஒட்டானி வீசிய பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார் (ஹோம் ரன் என்றால் நம் சிக்ஸர் மாதிரி, பந்து மைதானத்தைத் தாண்டிப் போவது). ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜேஸ் 4-3 என்று முன்னால் நின்றது. கோப்பைக்கு இன்னும் இரண்டே அவுட். அந்த நேரத்தில் டொட்ஜர்ஸின் மிகெல் ரோஹஸ் ஹோம் ரன் அடித்துச் சமப்படுத்தினார். பதினொராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் இன்னொன்று அடித்தார். 5-4. முடிந்தது. இந்த ஊர் கடைசியாகப் பேஸ்போல் கோப்பை பார்த்தது 1993இல். அந்த இரண்டு அவுட்டை நான் இன்னும் மறக்கவில்லை, உங்களோடு வேலை செய்பவர்களும் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்படித் தோற்றவர்கள் எப்படித் திரும்ப இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்பது நியாயம். அதற்குப் போன வருடத்தின் தொடக்கத்தைச் சொல்ல வேண்டும். 2024இல் ஜேஸ் 74 வென்று 88 தோற்று, தன் பிரிவில் கடைசி. அந்தக் கசப்போடு 2025 மார்ச் 27ஆம் திகதி புது சீசன் தொடங்கியது. சொந்த மைதானம், கூரை மூடியிருக்கிறது, உள்ளே முழுக் கூட்டம். பால்ரிமோர் ஓரியோல்ஸ் வந்து ஆறு ஹோம் ரன் அடித்து 12-2 என்று வென்றுவிட்டுப் போனது. வீடு திரும்பும் சப்வேயில் கேட்ட பேச்சு எல்லாம் ஒன்றுதான்: இந்த வருடமும் போச்சு. இதே அணிதான் அந்த நவம்பரில் கோப்பைக்கு இரண்டு அவுட் தூரத்தில் நின்றது.

ஆகவே முதல் ஆட்டத்தின் முடிவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டம். ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், பொதுவாக ஐந்து பேர், முறை வைத்து வருவார்கள். ஒருவர் தொண்ணூறு, நூறு பந்து வீசிவிட்டால் பிறகு நாலைந்து நாள் ஓய்வு. முதல் நாள் நீங்கள் பார்ப்பது ஐந்தில் ஒருவரை மட்டும். நன்றாக அடிக்கிற ஆள்கூட பத்துத் தடவையில் ஏழு தடவை அவுட்டாகித் திரும்பி வருவார். ஒரு வாரம் ஒருவருக்கு ஒன்றுமே படாது, அடுத்த வாரம் எல்லாம் படும். ஏப்ரல் முதல் வாரத்தில் வானொலிக்குப் போன் போட்டு, இவரை அனுப்பு, அவரை இறக்கு என்று கத்துகிறவர்களைக் கேட்பீர்கள். நம்பாதீர்கள். ஜூன் வரை எந்தத் தீர்ப்பும் வேண்டாம்.

அப்படியென்றால் முதல் ஆட்டங்களுக்கு மதிப்பில்லையா? இருக்கிறது. போன வருடம் சீசன் முடிந்தபோது ஜேஸும் நியூயோர்க் யாங்கீஸும் சரிசமம்: இரண்டும் 94 வெற்றி, 68 தோல்வி. தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் ஜேஸ் 8-5 என்று முன்னால் இருந்ததால்தான் பிரிவில் முதலிடம் நமக்கு வந்தது. ஏப்ரலில், குளிரில், பாதி இருக்கை காலியாக இருந்த ஒரு புதன்கிழமை ஆட்டத்தை வெல்லாமல் விட்டிருந்தால் அது யாங்கீஸுக்குப் போயிருக்கும். அந்த ஆட்டத்தை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அதுவும் ஒரு வெற்றி, செப்டெம்பரில் வந்த வெற்றிகளுக்கு ஒரு துளியும் குறைந்ததில்லை. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்தது இதுதான்.

இன்னொன்று, நீங்கள் முதல் குளிர்காலத்தைக் கடந்து வந்திருக்கிறீர்கள். ஐந்து மாதம் இருட்டில் எழும்பி, இருட்டில் வீடு திரும்பியவருக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை. இந்த ஊர்க்காரர்களுக்குச் சீசன் தொடங்குவது என்றால் அந்த இருட்டு முடிகிறது என்று அர்த்தம், வெளியே பனி கிடந்தாலும். ஜேஸின் முதல் ஆட்டமே அப்படித்தான் நடந்தது. 1977 ஏப்ரல் 7, எக்ஸிபிஷன் ஸ்ரேடியம். மைதானம் வெள்ளையாகக் கிடந்தது. ஐஸ் ஹொக்கி மைதானத்தில் ஓட்டுகிற ஸம்போனி வண்டியைக் கொண்டுவந்து பனியை வழித்தார்கள். நாற்பத்து நாலாயிரம் பேருக்கு மேல் குளிரில் உட்கார்ந்திருந்தார்கள். டக் ஓல்ட் இரண்டு ஹோம் ரன் அடிக்க, சிக்காகோ வைட் சொக்ஸை 9-5 என்று வென்றார்கள். 1989இல் திறந்து மூடும் கூரையோடு புது மைதானம் வந்த பிறகும் ஏப்ரல் விடுவதாக இல்லை. 2018 ஏப்ரலில் பக்கத்து சி.என். ரவரிலிருந்து விழுந்த ஐஸ் அந்தக் கூரையையே ஓட்டை போட்டது, அன்றைய ஆட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். மே மாதத்தில் ஒரு நாள் கூரை முழுதாகத் திறந்து, மாலை வெயில் உள்ளே விழும். அதற்காகவாவது ஒருமுறை போக வேண்டும்.

நான் இதற்குள் வந்தது வானொலி வழியாக. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு உணவகத்தின் பின்புறம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தொட்டிக்கு மேல் ஒரு வானொலி, தலைமைச் சமையல்காரர் அதில் வேறெதையும் வைக்க விடமாட்டார். ரொம் சீக் என்ற வர்ணனையாளரின் குரல்தான் எனக்கு இந்த நாட்டில் முதலில் பழக்கமான ஆங்கிலக் குரல். அவசரப்படாமல் பேசுவார், ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வரும், பந்துக்குப் பந்து இடைவெளி இருக்கும். ஆங்கிலம் தடுமாறுகிற ஒருவருக்கு அதைவிட நல்ல வகுப்பு கிடைக்காது. அந்த மனிதர் 1977இன் முதல் ஆட்டத்திலிருந்து 2004 ஜூன் வரை ஒரு ஆட்டமும் தவறாமல் 4,306 ஆட்டங்களுக்கு வர்ணனை செய்தார். தகப்பனார் இறந்தபோதுதான் முதல் தடவையாக நின்றார். 1993 ஒக்ரோபர் 23இல் ஜோ கார்ட்டர் கடைசி இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து 8-6 என்று கோப்பையை வென்றதை நான் அந்தத் தொட்டியடியில்தான் கேட்டேன். அதுவரை என்னிடம் அவ்வளவாகப் பேசாத சமையல்காரர் ஈரக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தார். அந்த இரவுக்குப் பிறகு இது என் அணி.

உங்களுக்கும் வானொலியைத்தான் முதலில் சொல்வேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கேளுங்கள். எல்லாம் விளங்க வேண்டியதில்லை.

கிரிக்கெட் தெரிந்தவருக்கு விதிகள் ஒரு மாலையில் பிடிபட்டுவிடும். ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், சமமாக இருந்தால் இன்னும் நீளும். ஒவ்வொன்றிலும் மூன்று அவுட். சுற்றிவர அடிக்க முடியாது, முன்னால் விரிகிற இரண்டு கோட்டுக்குள்தான் பந்து போக வேண்டும். பந்து நிலத்தில் குத்தாமல் வரும். அடித்தால் ஓடித்தான் ஆக வேண்டும், நம் ஆட்கள் முதலில் திணறுவது இதில்தான். 2023இல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். ஓட்டக்காரர் இல்லாதபோது 15 விநாடிக்குள் பந்து வீச வேண்டும். அதனால் முன்பு மாதிரி இழுக்காது, இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இந்த வருடம் புதிதாக ஒன்று வருகிறது, அது உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமானது. நடுவர் ஸ்ரைக் (அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்த பந்து) என்று சொன்னது சரியா என்று கமராவைக் கேட்கலாம், நம் டி.ஆர்.எஸ். போல. ஒரு அணிக்கு இரண்டு முறை, சரியாகக் கேட்டால் அந்த வாய்ப்புக் கழியாது. பேட்டர், பிட்சர், கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) மூவர் மட்டும்தான் கேட்கலாம், உடனே தன் தொப்பியைத் தட்ட வேண்டும். இந்த விஷயத்தில் வேலையிடத்தில் உங்களுக்குத்தான் அனுபவம் அதிகம். எந்த நேரத்தில் கேட்பது, எப்போது வைத்திருப்பது என்று அவர்களுக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம்.

சரி, இந்த வருட அணி. எனக்கு ஒரு பெரிய வருத்தம், போ பிஷெட் நியூயோர்க் மெற்ஸுக்குப் போய்விட்டார். இந்த அணியிலேயே வளர்ந்து, அந்த ஏழாவது ஆட்டத்தில் அந்த ஹோம் ரன்னை அடித்த பையன். முதல் நாள் அவர் இல்லாத வரிசையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். பதிலுக்கு டிலன் சீஸ் என்ற நல்ல பிட்சரும், ஜப்பானிலிருந்து கஸூமா ஒகமொட்டோவும் வந்திருக்கிறார்கள். விளாடிமிர் கெரேரோ ஜூனியர் இருக்கிறார். அவர் தகப்பனார் மொன்றியல் எக்ஸ்போஸுக்கு ஆடிய காலத்தில் 1999இல் மொன்றியலில் பிறந்தவர், வளர்ந்தது டொமினிக்கன் குடியரசில். அவர் போன ஏப்ரலில் ஒப்புக்கொண்ட 14 வருட, 50 கோடி டொலர் ஒப்பந்தம் இந்த சீசனிலிருந்துதான் தொடங்குகிறது. எக்ஸ்போஸ் வொஷிங்டனுக்குப் போன பிறகு 30 அணிகளில் கனடாவுக்கு இருப்பது ஜேஸ் ஒன்றுதான். அதனால்தான் வான்கூவர்க்காரரும் இதே நீலத்தைப் போடுகிறார்.

முதல் ஆட்டத்துக்கு வருகிற எதிரணி அத்லெட்டிக்ஸ். கொஞ்சம் அவர்களையும் கவனித்துப் பாருங்கள். பிலடெல்பியாவில் தொடங்கி, கான்சஸ் சிட்டி போய், 1968இலிருந்து ஓக்லண்டில் இருந்த அணி. 2024இன் கடைசியில் அங்கிருந்தும் கிளம்பிவிட்டது. லாஸ் வேகஸில் புது மைதானம் எழும்பும் வரை சக்ரமென்ரோவில் ஒரு சின்ன மைதானத்தில் ஆடுகிறார்கள், பெயரில் ஊரே இல்லாமல். ஓக்லண்டில் அந்த அணிக்காக அழுதவர்களை ரீவியில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது சட்டென்று விளங்கும்.

ரிக்கெற் விஷயம். முதல் நாளுக்கு வாங்காதீர்கள், விலை அதிகம். அதை ரீவியில் பாருங்கள். ஏப்ரல் நடுவில் ஒரு திங்கள் அல்லது செவ்வாய் ஆட்டத்துக்கு மேல்தட்டில், ஐந்நூறாம் வரிசைகளில், பேட்டர் நிற்கிற ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் எடுங்கள். பந்து வளைகிறது அங்கிருந்து தெரியும். யூனியன் ஸ்டேஷனில் இறங்கினால் மூடிய நடைபாதை வழியாக நனையாமல் போய்விடலாம். வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக விடுவார்கள், கண்ணாடிப் போத்தலும் தகர ரின்னும்தான் ஆகாது. நாங்கள் மீன் ரோல்ஸும் கட்லட்டும் கொண்டுபோவோம், பக்கத்து இருக்கைக்காரருக்கும் ஒன்று கொடுப்போம்.

அப்புறம் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆட்டம் முழுக்கப் பந்தய விளம்பரம் வரும். போனில் ஒரு தட்டு, பத்து டொலர் போட்டால் இருபது என்று. ஒன்ராறியோவில் 2022 ஏப்ரலிலிருந்து தனியார் நிறுவனங்களுக்கும் இதற்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். புதிதாக வந்து, தனியாக ஒரு அறையில் இருந்து, ஊருக்குக் காசு அனுப்ப வேண்டிய பையன்கள் இதில் விழுந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த அப்பை இறக்கவே வேண்டாம். வேலையிடத்தில் யாரும் கேட்டால் விருப்பமில்லை என்று சொல்லிவிடுங்கள், ஒருவரும் குறை நினைக்க மாட்டார்கள்.

நீங்கள் ஸ்காபரோவில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஏப்ரலில் நானும் மகளும் ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்குப் போகிறோம், இன்னும் ரிக்கெற் எடுக்கவில்லை. வர விருப்பமென்றால் இந்த ஞாயிறுக்குள் சொல்லுங்கள், மூன்றாகச் சேர்த்தே எடுக்கிறேன். கென்னடி ஸ்டேஷனில் ஐந்தரைக்கு ஏறினால் முதல் பந்துக்கு முன் போய்விடலாம்.