இரண்டு பொட்டலத்திலும் பையன் இல்லை

திருவொற்றியூரிலிருந்து ஓர் அம்மா, பிளஸ் டூ முடித்த மகனை எதில் சேர்ப்பது என்று கேட்க, அவனோடு என்னிடம் வந்திருந்தார். வடிவுடையம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்தாராம்; வெள்ளை வந்ததாம். வெள்ளைப் பூவுக்குத் தாய்மாமன் சொன்ன கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ். சிவப்புக்கு? அதே படிப்பு, வேறு கல்லூரி.

சரிம்மா, பையனுடைய விருப்பம் எந்தப் பொட்டலத்தில் இருந்தது?

உத்தரவு கேட்பதை நான் குறை சொல்லவில்லை. கேள்வியை உங்கள் அண்ணன் எழுதிக் கொடுத்தபிறகு அம்மன்தான் என்ன செய்வாள்? உங்கள் ஊரிலேயே அடங்கியிருக்கிறாரே பட்டினத்தார், பேய்க்கரும்போடு ஊர் ஊராக அலைந்தவர், ஒற்றியூரில் அதன் நுனி இனித்ததும் தங்கிவிட்டார் என்பார்கள். கரும்பைக் கடித்துப் பார்த்தது அவர்தான். மாமனிடம் கொடுத்து ருசி கேட்கவில்லை.

உங்கள் மகன் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. காசிமேட்டில் சித்தப்பாவின் விசைப்படகைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்தான். "சத்தம் மாறினாலே டீசல்ல காத்து ஏறிடுச்சுன்னு தோணும் சார். கழட்டிப் பார்த்துடுவேன்." தப்பாகத் தோன்றிய நாட்களையும் அவனே சொன்னான். எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான். தோன்றுவதைக் கவனிப்பது, சின்ன வேலையில் சரிபார்ப்பது, சரியாக வந்தால் அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாக நம்புவது. உள்ளே பேசுகிறவனை நம்பப் பழகும் வழி இதுதான். பயமும் ஆசையும்கூட உள்ளிருந்துதான் பேசும். கழற்றிப் பார்க்காதவனுக்கு வித்தியாசம் தெரியாது.

ராயபுரத்தில் மத்திய அரசின் சிஃப்நெட் என்ற மீன்பிடிக் கலப் பயிற்சி நிறுவனத்துக்குச் சென்னைக் கிளை இருக்கிறது. அங்கே மரைன் ஃபிட்டர் படிப்பு, 2 ஆண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். கணிதத்திலும் அறிவியலிலும் தனித்தனியே 40 சதவீதம் வேண்டும். என்ஜினைப் பிரித்துப் பூட்டுவது, பட்டறை வேலை, அப்புறம் கப்பலில் ஏறிக் கடல் பயிற்சி. உதவித்தொகையும் உண்டு. கலம் செலுத்துவதில் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு அங்கேயே வெசல் நேவிகேட்டர் படிப்பு. மரைன் ஃபிட்டர் முடித்துவிட்டுக் கடலில் தேவையான சேவைக்காலம் சேர்த்தால் மீன்பிடிக் கலத்தின் இன்ஜினியருக்கான தகுதித் தேர்வு எழுதலாம். மாமன் கேட்ட 'இன்ஜினியர்' என்ற பெயர் இந்த வழியிலும் வருகிறது, எண்ணெய்க் கையோடு. வயது வரம்பு இருக்கிறது, 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று இழுக்காதீர்கள்.

நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யோசனை மாமனுடையது, வட்டி உங்களுடையது. "படிச்சும் படகுக்குத்தானா?" என்று உறவில் நாலு பேர் கேட்பார்கள். அவர்களில் யாரும் உங்கள் அடகுச் சீட்டை மீட்க வரப்போவதில்லை.

ராயபுரத்துக்குப் பையனைத் தனியாக அனுப்புங்கள். பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கட்டும். வந்ததும் வாசலிலேயே நிறுத்திக் கேட்க வேண்டாம். சோறு போடுங்கள், அவனாகச் சொல்வான்.