சிசேரியன் தழும்பு சிலருக்குக் கோடு போல, சிலருக்குத் தடிப்பாக இருப்பது ஏன்?

தையல் போட்ட கை மட்டுமே காரணம் இல்லை, ஆனால் அதற்கும் பங்கு உண்டு. அடிவயிற்றில் குறுக்காகக் கீறினால் தோல் அதிகம் இழுபடாது, தழும்பும் அகலாது. ஜெர்மானிய மருத்துவர் ஃபானென்ஷ்டீல் 1900-இல் விவரித்த முறை இது. நெடுக்காகக் கீறினால் இழுவை கூடும்.

அப்புறம், தோலை மூடும் விதம். தோலுக்கு உள்ளேயே ஓடும் கரையும் நூல் என்றால் ஒற்றைக் கோடுதான் தெரியும். ஸ்டேபிள் பின்களை எடுக்கத் தாமதமானால் இருபுறமும் ஏணிப்படி போலப் புள்ளிகள் நின்றுவிடலாம். கொழுப்பு அடுக்கு 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் அதையும் தைப்பது நல்லது. காயம் பிரியும் வாய்ப்பு குறையும்.

கெலாய்டு உடல்வாகு (தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தன்மை) என்றால், சரி, எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் தடிக்கலாம். அறுவைக்குப் பின் மூன்றாம் மாதத்தில் தழும்பு சிவந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிறம் அடங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.