எலி கொழுத்தது, கொழுப்பு செல் மட்டும் ஏன் சிறுத்தது?

கேள்வி: கொழுப்பு மிகுந்த தீவனம் கொடுத்து ஆண் சுண்டெலிகளைப் பருமனாக்கி ஆய்வு செய்கிறேன். 12 வாரத்தில் விந்தகத்தை ஒட்டிய கொழுப்பில் செல்கள் நன்றாகப் பெருத்திருந்தன. 20 வாரத்தில் எலியின் எடை இன்னும் கூடியும், அதே இடத்துச் செல்களின் சராசரி அளவு குறைந்துவிட்டது. தொடையிடுக்குத் தோலடிக் கொழுப்பில் இப்படி இல்லை. நான் வெட்டியதில் தவறா?

பதில்: பெரும்பாலும் உங்கள் கை தவறவில்லை. இந்த முடிவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

விந்தகத்தை ஒட்டிய கொழுப்பு, தீவனம் மிகும்போது முதலில் இருக்கிற செல்களையே ஊதவைக்கிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் அவை கூட்டமாகச் சாகின்றன. ஸ்லைடை மறுபடி பாருங்கள்: செத்த செல்லின் எண்ணெய்த் துளியைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் (செத்த செல்களை விழுங்கி அகற்றும் நோயெதிர்ப்பு செல்கள்) வளையமாக நெருக்கியடித்து நிற்கும். காலியான இடத்தில் முன்னோடிச் செல்களிலிருந்து புதிய, சிறிய கொழுப்பு செல்கள் உருவாகின்றன. சராசரி இறங்குவது இதனால்தான். தோலடிக் கொழுப்பில் இந்தச் சாவு மிகக் குறைவு. அது தொடர்ந்து கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே போகிறது. விந்தகத்தை ஒட்டிய கொழுப்புத் திண்டையும் கல்லீரலையும் தனித்தனியே எடை போட்டிருந்தால் எடுத்துப் பாருங்கள். திண்டு இளைத்து, கல்லீரல் கொழுத்திருந்தால் விஷயம் உறுதிப்படும்.

ஆகவே சராசரியை மட்டும் எழுதாதீர்கள், அளவுப் பரவலை வரைந்து காட்டுங்கள். பெரிய செல்களும் குட்டிச் செல்களுமாக இரண்டு மேடுகள் தெரிந்தால், சராசரி எண் அந்த இரண்டில் எதையும் குறிக்காது. விட்டத்தையே நம்பியிருப்பதும் ஆபத்து: 50 மைக்ரான் செல் 100 மைக்ரான் ஆனால் விட்டம் இரட்டிப்பு, கொள்ளளவோ 8 மடங்கு. பாரஃபின் வெட்டில் (மெழுகில் பதித்து மெல்லிசாக அறுத்த திசுவில்) கத்தி எல்லா செல்லையும் நடுவில் அறுப்பதில்லை, திசுவும் சுருங்கும். அதனால் அளவு குறைவாகவே தெரியும். எல்லா எலிக்கும் ஒரே முறையில் பதப்படுத்தினால் ஒப்பீடு கெடாது.

ஒரே திண்டுக்குள்ளும் நுனியும் அடியும் ஒன்றல்ல. எல்லா எலியிலும் ஒரே பகுதியிலிருந்து துண்டு எடுத்தீர்களா என்று குறிப்பேட்டில் சரிபாருங்கள். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பல முரண்கள் இங்கேதான் பிறக்கின்றன.

இந்தக் கணக்கை ஸக்கர் எலி போன்ற மரபுவழிப் பருமனுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். அங்கே செல் பெருப்பதோடு எண்ணிக்கையும் பெருகுகிறது, தோலடியில் குறிப்பாக. பெண் எலிகளைச் சேர்த்தால் கருப்பையை ஒட்டிய கொழுப்பைத் தனிக் குழுவாகவே வையுங்கள்.