தத்தெடுத்த குழந்தை ஒட்டவில்லையே, என்ன செய்வது?

நாலு வயதுக் குழந்தையைத் தத்தெடுத்து மூன்று மாதமாகியும் ஒட்டவில்லை, தவறு எங்களிடமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மூன்று மாதம் ரொம்பக் குறைவு.

நாங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். மகள் வந்ததோ ஆந்திராவிலிருந்து. முதல் ராத்திரி 'நீள்ளு, நீள்ளு' என்று அழுதாள். தண்ணீர் கேட்கிறாள் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் பார்த்தால் தலையணை உறைக்குள் ரஸ்க் துண்டுகள், எறும்பு மொய்த்தபடி. இதற்கெல்லாம் திட்டாதீர்கள். நாளைக்குச் சாப்பாடு உண்டா என்ற பயம் அது. அவள் கைக்கெட்டும் இடத்தில் ஒரு டப்பா நிறையத் தின்பண்டம் வைத்தோம்; ஒளித்து வைப்பது மெல்ல நின்றது. தெரிந்த முகங்களை எல்லாம் ஒரே நாளில் விட்டுவிட்டு வந்தவள் அல்லவா?

மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் விதிப்படி 2 ஆண்டு வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். பரீட்சை என்று நினைத்து 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று ஒப்பிக்காமல், கஷ்டத்தைச் சொல்லி யோசனை கேளுங்கள்.

சொந்தக்காரர்கள் சிலர் 'யார் பெத்ததோ' என்பார்கள், அதுவும் குழந்தையின் காதில் விழும்படி. அதற்கு முன்னால் தத்தெடுத்த விஷயத்தை நீங்களே குழந்தையிடம் சொல்லிவிடுங்கள், தூங்கப்போகும்போது கதை மாதிரி, இப்போதிருந்தே.