அப்பாவுக்கு இரைப்பையை முழுவதும் எடுக்கப் போகிறார்கள். வீட்டில் நாங்கள் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

அப்பாவுக்குக் கீமோ முடிந்துவிட்டது, அடுத்த வாரம் ஆபரேஷன், வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வதென்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதே ஆபரேஷன் 2018 நவம்பரில் கோயம்புத்தூரில் நடந்தது. அப்போது வயது 48. இரைப்பையில் புற்றுநோய். முழுவதையும் எடுத்துவிட்டு உணவுக்குழாயை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிட்டார்கள். ஈரோட்டில் கூட்டுக் குடும்பம் எங்களுடையது. இன்று நான் எழுந்து நடமாடுகிறேன் என்றால், டாக்டர்களுக்கு அடுத்தபடியாக அம்மாவும் மனைவியும் அக்காவும்தான் காரணம். ஆனால் அவர்களும் எடுத்த எடுப்பில் எல்லாம் தெரிந்து செய்யவில்லை. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பார்கள். மறுநாளே எழுப்பி நடக்க வைப்பார்கள், அப்பாவை அப்படிப் படுத்துகிறார்களே என்று கலங்காதீர்கள். நுரையீரலில் சளி கட்டாமலும் காலில் ரத்தம் உறையாமலும் இருக்கத்தான் அது. மூன்று பந்து இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுப்பார்கள். அதை ஊதக் கூடாது, மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். நான் இரண்டு நாள் ஊதிக்கொண்டிருந்தேன். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தையல் வலி பாதி குறையும்.

எனக்கு வயிற்றில் ஒரு டியூப் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வாயால் சாப்பிடுவது போதாத நாட்களில் நேராகச் சிறுகுடலுக்கே திரவ உணவு போக வேண்டும் என்பதற்காக. அப்பாவுக்கும் வைத்தால், அதை நர்ஸ் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்து, ஒரு தடவை நீங்களே செய்து காட்டிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். உணவுக்கு முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். மாத்திரை சரியாகப் பொடியாகாமல் ஒரு ராத்திரி எங்களுக்கு அப்படித்தான் அடைத்தது. என் மனைவி பயந்து அழுதுவிட்டாள். கம்பி எதையும் விட்டுக் குத்தாதீர்கள். டியூப் வெளியே வந்துவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது. அந்தத் துளை சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காய்ச்சல், நிற்காத வாந்தி, திடீர் வயிற்றுவலி வந்தாலும் அப்படித்தான்.

இனி சாப்பாடு. எங்கள் வீட்டில் பாசம் என்றாலே சோறுதான். உங்கள் வீட்டிலும் வேறு மாதிரி இருக்காது. 71 கிலோ இருந்த நான் இரண்டு மாதத்தில் 57 ஆனேன். எலும்பும் தோலுமாக இருந்த மகனைப் பார்த்து அம்மாவுக்குத் தாங்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு வாய் சாமி" என்று கெஞ்சுவார். அந்த ஒரு வாயில் நெஞ்சை அடைக்கும், வாந்தி வரும். வேண்டாம் என்று சொன்னால் அவர் முகம் வாடும். அவருக்காகவே பல நாள் விழுங்கியிருக்கிறேன்.

2019 பொங்கல் அன்று எனக்குப் பிடிக்கும் என்று நெய்யும் முந்திரியுமாகச் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கிண்ணம் நிறையக் கொடுத்தார். சாப்பிட்டுக் கால் மணி நேரம் ஆகியிருக்காது, உடம்பெல்லாம் வியர்த்து, இதயம் படபடவென்று அடித்து, வயிற்றுப்போக்கும் சேர்ந்து தரையிலேயே படுத்துவிட்டேன். இதற்கு டம்பிங் என்று பெயர். இரைப்பை இருந்தால் சாப்பிட்டதைத் தேக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். அது இல்லாதபோது இனிப்பு மொத்தமாகச் சிறுகுடலில் இறங்கி, உடம்பிலுள்ள நீரை அங்கே இழுத்துக்கொள்கிறது. சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை அளவு திடீரென்று குறைந்து மயக்கமும் வரும். இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் டயட்டீஷியன் என்னிடமும் மனைவியிடமும் விளக்கித்தான் அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அன்று அம்மா பூஜை அறையில் உட்கார்ந்து அழுத அழுகையை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அடுத்த செக்கப்புக்கு அம்மாவையும் கூட்டிப்போனோம். டயட்டீஷியன் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பாட்டி, பிறந்த குழந்தைக்கு எப்படிக் கொடுப்பீங்க? அப்படிக் கொடுங்க" என்றார். அவ்வளவுதான், அம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டது. என் மகளுக்குச் சோறூட்டிய சின்ன வெள்ளிக் கிண்ணத்தைத் தேடி எடுத்தார். ஒரு நாளைக்கு ஏழு வேளை, வேளைக்கு அந்தக் கிண்ணம் ஒன்று. காலையில் ஒரு இட்லி, இரண்டு மணி நேரம் கழித்து வேக வைத்த முட்டை, அப்புறம் பருப்பும் நெய்யும் குழையப் பிசைந்த சாதம், முள் எடுத்த மீன், தயிர். தண்ணீரைச் சாப்பாட்டோடு தர மாட்டார், அரை மணி நேரம் தள்ளித்தான். நன்றாக மென்று சாப்பிடுகிறேனா என்று எதிரில் உட்கார்ந்து பார்ப்பார். "போதும்மா" என்றால் கிண்ணத்தை எடுத்துவிடுவார். அந்த வார்த்தையை ஏற்றுக்கொள்ள அவர் எவ்வளவு மனசைக் கட்டுப்படுத்தியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

மற்றவர்கள் செய்ததெல்லாம் கேட்பதற்குச் சின்ன விஷயங்களாக இருக்கும். இரவில் படுத்தால் பித்தம் தொண்டை வரைக்கும் எரிந்துகொண்டு ஏறும். மச்சான் வந்து கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துச் சாய்வாக்கிக் கொடுத்தார், அன்றுதான் தூங்கினேன். வைட்டமின் பி12 ஊசியை மகன் மாதாமாதம் காலண்டரில் குறித்து வைத்தான். பி12-ஐ உடம்பு எடுத்துக்கொள்ளத் தேவையான பொருள் இரைப்பையில்தான் சுரக்கிறது, அதனால் இது ஆயுசுக்கும் விடக் கூடாது. ஒரு நண்பர் தினமும் சாயங்காலம் வந்து, தெருமுனை வரை என்னோடு நடந்துவிட்டுப் போவார். நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். பார்க்க வந்த பலர் "என்ன இப்படி உருக்குலைஞ்சு போயிட்டே" என்றார்கள். அப்படிப்பட்டவர்களைத் தயவுசெய்து வாசலிலேயே பேசி அனுப்புங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வரி கூட எழுதவில்லை. மூன்றாவது மாதம் என் மனைவியும் ஆறு கிலோ இளைத்திருந்தாள், எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. அக்காதான் கவனித்தாள். வாரத்தில் இரண்டு நாள் பவானியிலிருந்து பஸ் ஏறி வந்து, "நீ போய்த் தூங்கு, தம்பியை நான் பார்த்துக்கிறேன்" என்று அவளை உள்ளே அனுப்பிவிடுவாள். ஒரு நாள் எரிச்சலில் நான் தட்டைத் தள்ளிவிட்டேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் சுத்தம் செய்தாள். அன்று இரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்பாவும் கோபப்படுவார். அந்த நேரத்தில் அம்மா தனியாக இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே அதற்கான அனுமதியை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள். ரயிலில் போய் வருவதென்றால் நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று டயட்டீஷியனிடம் நீங்கள் மட்டும் போகாதீர்கள். வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவரையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் தன் காதால் கேட்கட்டும், சந்தேகமெல்லாம் அவரே கேட்கட்டும்.